ரீகால்: கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் ஒன்பது வருடம் அட்வைசராக வேலை பார்த்தேன். அந்த வேலையை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. கேள்விகள் மட்டும் நிற்கவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தம்பி, நம்ம வண்டிக்கு ஏதோ ரீகால்னு பேப்பர்ல போட்டிருக்கானே" என்று ஆரம்பிப்பார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கம்பெனி கார்களைத் "திரும்பப் பெறுகிறது" என்று செய்தி வருகிறது. என் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களா?

மாட்டார்கள். அந்தப் பத்திரிகைச் சொல்தான் எல்லாரையும் பயமுறுத்துகிறது. நடப்பது வேறு: நீங்கள் வண்டியை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போகிறீர்கள், சந்தேகத்துக்குரிய பாகத்தைப் பரிசோதிக்கிறார்கள், தேவையென்றால் மாற்றுகிறார்கள், பெரும்பாலும் அன்றைக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். 2023 ஜூலையில் மாருதி சுசூகி எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வண்டிகளில் 87,599ஐத் திரும்ப அழைத்தது. காரணம் ஸ்டீயரிங் டை ராடில் குறை இருக்கலாம் என்ற சந்தேகம். ஸ்டீயரிங்கை நீங்கள் திருப்பினால் சக்கரத்தைத் திருப்புகிற கம்பி அது. கம்பி ஒன்றுதான், ஆனால் அது போனால் வண்டி உங்கள் கையில் இருக்காது.

காசு கேட்பார்களா?

ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. வாரண்டி முடிந்திருந்தாலும், வெளி மெக்கானிக்கிடம் சர்வீஸ் விட்டிருந்தாலும், நீங்கள் மூன்றாவது ஓனராக இருந்தாலும் அப்படித்தான். வாங்கிய ஷோரூமுக்கே போக வேண்டும் என்பதும் கிடையாது. அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட எந்த சர்வீஸ் சென்டரிலும் செய்துகொள்ளலாம். ஜாப் கார்டில் ரீகால் வேலை என்று எழுதி வாங்குங்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போது அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு.

அடிக்கடி ரீகால் செய்கிற கம்பெனி மட்டமான கம்பெனிதானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் வாதாடியிருக்கிறேன். இல்லை என்பதே என் பதில்.

ஒரு காரில் ஆயிரக்கணக்கான பாகங்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் வெளியாட்கள் செய்து கொடுப்பவை. எங்காவது ஒரு லாட்டில் பிசகு வரத்தான் செய்யும். பிசகு தெரிந்த நாளுக்கும் வண்டிக்காரருக்குத் தகவல் போன நாளுக்கும் நடுவே கம்பெனி என்ன செய்துகொண்டிருந்தது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

டொயோட்டா தன் சொகுசு பிராண்டான லெக்சஸை 1989இல் அமெரிக்காவில் இறக்கியது. ஜப்பான்காரன் சொகுசுக் கார் செய்வானா என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்த நேரம். சில மாதங்களிலேயே, டிசம்பரில், விற்ற எல்எஸ் 400 கார்கள் சுமார் 8,000ஐயும் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. பின் கண்ணாடி பக்கத்து பிரேக் விளக்கு சூடேறுவது, வேகத்தை ஒரே அளவில் வைத்திருக்கிற குரூஸ் கன்ட்ரோல் சிக்கிக்கொள்வது மாதிரியான குறைகள். வந்திருந்த புகார்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவை. புதுக் கடை திறந்த வாரமே கூரை ஒழுகின மாதிரி நிலைமை.

அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், வாடிக்கையாளர்களுக்கு நேரடியாக போன் போட்டார்கள். வீட்டுக்கே போய்க் காரை எடுத்து வந்தார்கள், மாற்று வண்டி கொடுத்தார்கள். டீலர் இல்லாத தூரத்து ஊர்களுக்கு மெக்கானிக்கை விமானத்தில் அனுப்பினார்கள். வேலை முடிந்த காரைக் கழுவி, டேங்கை நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது. லெக்சஸுக்கு அமெரிக்காவில் இன்றைக்கும் இருக்கிற நல்ல பேருக்கு அஸ்திவாரம் போட்டதே அந்த ரீகால்தான் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். நானும் அதை நம்புகிறேன்.

அப்படியானால் எந்தக் கம்பெனியைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

தெரிந்தும் சும்மா இருந்த கம்பெனியைப் பார்த்து. ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் சுவிட்ச் விவகாரம் இதற்குப் பாடமே எடுக்கும்.

ஷெவர்லே கோபால்ட், சேட்டர்ன் அயான் மாதிரியான சிறு கார்களில் சாவி போடுகிற சுவிட்சுக்குள்ளே ஒரு குட்டி ஸ்பிரிங்கும் ஒரு முளையும் இருக்கும். சாவி நின்ற இடத்தில் நிற்பதற்குக் காரணம் அதுதான். அந்த முளை தேவைக்குக் கட்டையாக இருந்துவிட்டது. வீட்டுச் சாவி, பீரோ சாவி என்று கனமான கொத்து தொங்கினாலோ, முழங்கால் இடித்தாலோ, பள்ளத்தில் வண்டி குதித்தாலோ சாவி தானாகத் திரும்பி என்ஜின் அணைந்துவிடும். என்ஜின் அணைந்தால் பவர் ஸ்டீயரிங் கிடையாது, பிரேக்குக்கு உதவி கிடையாது. எல்லாவற்றையும்விட, மோதும்போது ஏர்பேக் விரியாது. ஓடுகிற வண்டியில் இது நடந்தது.

கோபால்ட் சந்தைக்கு வந்த காலத்திலேயே பொறியாளர்களுக்கு இது தெரியும். 2005இல் டீலர்களுக்கு அனுப்பிய குறிப்பில், சாவிக்கொத்திலிருந்து கனமானவற்றைக் கழற்றச் சொல்லுங்கள் என்று எழுதினார்கள். 2006இல் சுவிட்சை மாற்றினார்கள். மாற்றியவர்கள் பார்ட் நம்பரை மாற்றவில்லை. பழையதுக்கும் புதியதுக்கும் ஒரே எண். அதனால்தான் சில வருடக் கார்கள் மட்டும் ஏன் அணைகின்றன என்று கம்பெனிக்குள் விசாரித்தவர்களுக்கே விளங்கவில்லை. கடைசியில், ஜார்ஜியாவில் மகளைப் பறிகொடுத்த பெற்றோர் தொடுத்த வழக்கில், அவர்கள் தரப்புப் பொறியாளர் ஒருவர் விபத்தான காரின் சுவிட்சையும் புதிதாக வாங்கிய சுவிட்சையும் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு முளைகளுக்கும் நீளத்தில் இருந்த வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த வித்தியாசம்தான் மொத்தக் கதையும்.

ரீகால் வந்தது 2014 பிப்ரவரியில். மொத்தம் சுமார் 26 லட்சம் கார்கள். இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. அடுத்த ஆண்டு, குற்ற வழக்கு விசாரணையை முடித்துக்கொள்ள ஜெனரல் மோட்டார்ஸ் 90 கோடி டாலர் கட்டியது. மாற்ற வேண்டியிருந்த பாகத்தின் விலை ஒரு டாலருக்கும் குறைவு என்று அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் பேசினார்கள். இதைப் படித்த பிறகு என் சாவிக்கொத்தில் கார் சாவியைத் தவிர எதையும் நான் மாட்டுவதில்லை.

தெரிந்தும் ஏன் மறைக்கிறார்கள்? காசுக்காகவா?

காசும்தான். அதைவிட மோசமான ஒரு பழக்கம் இருக்கிறது: கெட்ட செய்தியை மேலே கொண்டுபோகிறவனுக்குத்தான் அடி விழும் என்கிற பயம். ஜெனரல் மோட்டார்ஸ் தானே நடத்திய உள்விசாரணை அறிக்கையில் 'ஜி.எம். தலையாட்டல்' என்று ஒரு விஷயம் வருகிறது. கூட்டத்தில் எல்லாரும் "செய்ய வேண்டியதுதான்" என்று தலையாட்டிவிட்டு வெளியே போய் ஒருவரும் ஒன்றும் செய்யாமல் விடுவது. 2008இல் ஊழியர்களுக்குக் காட்டிய ஒரு பாடத்தில், எழுத்தில் பயன்படுத்தக் கூடாத சொற்கள் என்று ஒரு பட்டியலே இருந்தது. 'குறைபாடு' என்று எழுதாதே, 'வடிவமைத்தபடி இயங்கவில்லை' என்று எழுது என்பது அதில் ஒன்று.

படித்ததும் எனக்கு உடம்பு கூசியது. நான் வேலை பார்த்த இடத்திலும் ஒருமுறை அப்படிச் சொன்னார்கள்: "ரீகால்னு சொல்லாதீங்க சார், ஃப்ரீ செக்கப்னு சொல்லி வண்டியை வரவழைங்க." ஃப்ரீ செக்கப்தானே என்று பாதிப் பேர் வரவே இல்லை. பிரேக் சம்பந்தப்பட்ட வேலை அது. அன்றைக்கே எதிர்த்துப் பேசாதது எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

ஜப்பானில் மிட்சுபிஷி மோட்டார்ஸ் இருபது வருடத்துக்கும் மேலாக வாடிக்கையாளர் புகார்களை அரசிடம் காட்டாமல் ஒளித்து வைத்திருந்தது 2000இல் வெளியானது. புகார்த் தாள்கள் ஊழியர்கள் துணி மாற்றும் அறையின் லாக்கர்களில் கிடந்தன. அந்தக் கம்பெனி அதற்குப் பிறகு பழைய நிலைக்கு வரவே இல்லை.

எழுபதுகளில் வந்த ஃபோர்டு பிண்டோ காரில் மனித உயிருக்கு விலை போட்டார்கள் என்பது உண்மையா?

பாதி உண்மை. ஓர் உயிருக்கு 2 லட்சம் டாலர், ஒரு வண்டிக்கு 11 டாலர் என்று கணக்குப் போட்ட ஃபோர்டு ஆவணம் உண்டு. ஆனால் அது வண்டி உருளும்போது பெட்ரோல் கசிவதைப் பற்றி அரசுக்கு எழுதிய பொதுவான கணக்கு. பின்னால் இடித்தால் பிண்டோ தீப்பிடிக்கும் என்பதைப் பற்றியது அல்ல. பிண்டோவின் டேங்க் இருந்த இடம் மோசம் என்பதிலோ, 1978இல் 15 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது என்பதிலோ சந்தேகமில்லை.

ஏர்பேக்கே ஆளைக் கொல்லும் என்கிறார்களே?

தகாட்டா ஏர்பேக்கைப் பற்றிக் கேட்கிறீர்கள். உலகத்தில் நடந்த மிகப் பெரிய வாகன ரீகால் இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர் வெயிலுக்கும் இதற்கும் நேரடி சம்பந்தம் இருக்கிறது.

ஏர்பேக் கண் இமைக்கும் நேரத்துக்குள் விரிய வேண்டும். அதற்காக ஸ்டீயரிங்குக்குள் ஓர் இரும்புக் குப்பி, அதற்குள் மருந்து வில்லைகள். மோதியதும் அந்த மருந்து எரிந்து வாயுவாகிப் பையை ஊதும். இதை இன்ஃப்ளேட்டர் என்பார்கள். ஜப்பானின் தகாட்டா கம்பெனி இதற்கு அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. உரத்திலும் கல் குவாரி வெடியிலும் பயன்படுகிற அதே சாமான். 2020இல் பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்ததும், அதை ஒட்டி சென்னை மணலிக் கிடங்கில் நூற்றுக்கணக்கான டன் கிடக்கிறது என்று நாம் பதறியதும் இதுதான். விலை மலிவு. ஆனால் ஈரத்தை உறிஞ்சும். பகல் சூடு, இரவுக் குளிர், காற்றில் ஈரம் என்று வருடக்கணக்கில் மாறி மாறிப் பட்டால் வில்லை உதிர்ந்து பொடியாகும். விறகுக் கட்டை நின்று எரியும். அதையே சீவிப் போட்டால் குப்பென்று பிடிக்கும். பொடியான மருந்தும் அப்படித்தான். அழுத்தம் தாங்காமல் இரும்புக் குப்பியே சிதறி, அதன் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு ஓட்டுகிறவரின் கழுத்துக்கும் முகத்துக்கும் வரும். உயிர் பிழைத்திருக்க வேண்டிய சின்ன மோதலில் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

முதல் ரீகாலை ஹோண்டா 2008 நவம்பரில் செய்தது, வெறும் 4,000 வண்டி. அது வளர்ந்து வளர்ந்து அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள், உலகம் முழுவதும் சுமார் 10 கோடி என்று ஆனது. சூடும் ஈரமும் அதிகமான ஃப்ளோரிடா மாதிரி மாநிலங்களுக்குத்தான் முதலில் மாற்றுப் பாகம் கொடுத்தார்கள். மலேசியாவிலும் பல உயிர்கள் போயின. சில 2001–2003 ஹோண்டா வண்டிகளில் ஏர்பேக் விரிந்தால் குப்பி வெடிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் வரை என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2016இல் எச்சரித்தது. இந்தியாவில் அதே ஆண்டு ஜூலையில் ஹோண்டா ஒரே அறிவிப்பில் சுமார் 1.9 லட்சம் கார்களை அழைத்தது.

தகாட்டா தன் சோதனை முடிவுகளைத் திருத்திக் காட்டியதை 2017 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. 100 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று முடிவானது. அதில் 85 கோடி கார் கம்பெனிகளுக்கு. காயம்பட்டவர்களுக்கும் இறந்தவர் குடும்பங்களுக்கும் 12.5 கோடி. இந்தப் பங்கீட்டை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. ஜூன் மாதம் கம்பெனி திவால் மனு போட்டது.

என் கார் செகண்ட்ஹேண்ட். எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லையே?

வராது. கம்பெனியின் கணக்கில் இருப்பது பெரும்பாலும் முதல் ஓனரின் முகவரியும் போன் நம்பரும்தான்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியை ஆயில் மாற்றக் கார் கொண்டு வந்தார். எட்டு வருடத்து வண்டி, அவர் மூன்றாவது ஓனர். சேஸிஸ் நம்பரை அடித்ததும் திரையில் சிவப்பு எழுத்து: ஏர்பேக் ரீகால், வேலை பாக்கி. நான்கு வருடமாகப் பாக்கி. கடிதம் சென்னையில் முதல் ஓனரின் பழைய வீட்டுக்குப் போயிருக்கிறது. "இதுலதான் சார் தினமும் என் பையனைப் பள்ளிக்கூடத்துல விடுறேன்" என்றார், மெதுவாக. எங்கள் மெக்கானிக் பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் காத்திருந்தார்; மிச்ச மின்சாரம் அடங்க வேண்டும். பிறகு ஸ்டீயரிங் நடுவிலிருக்கும் மூடியைத் திறந்து, மஞ்சள் கனெக்டரைப் பிடுங்கி, உள்ளங்கையில் அடங்குகிற குப்பியை எடுத்தார். புதியதை மாட்டி, பழையதைப் பெட்டியில் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பக் கட்டினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு மணி நேர வேலை, நான்கு வருடம்.

சேஸிஸ் நம்பரை எங்கே பார்ப்பது?

ஆர்.சி.யில் இருக்கும், 17 எழுத்தும் எண்ணும். கம்பெனியின் இந்திய இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் அதைப் போட்டால் பாக்கி உண்டா இல்லையா என்று சொல்லிவிடும். தளத்தில் வசதி இல்லையென்றால் சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டு நம்பரைச் சொல்லுங்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்.

இலங்கையில் ஜப்பானில் ஓடிய கார்களை இறக்குமதி செய்து ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு: ஜப்பான் உள்நாட்டு வண்டிகளுக்கு 17 இலக்க எண் கிடையாது. மாடல் குறியீடு, நடுவில் ஒரு கோடு, பிறகு எண் என்று இருக்கும். அதைக் கம்பெனியின் ஜப்பானியத் தளத்தில்தான் தேட வேண்டும். மொழி தெரியாவிட்டாலும் எண்ணைப் போடுகிற கட்டம் கண்ணுக்குத் தெரியும். மற்றதை போனிலேயே மொழிபெயர்த்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது, தாமதமாக வந்தது. அமெரிக்காவில் 1966இலேயே வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. நமக்கு 2012இல் வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் தானாக ஏற்றுக்கொண்ட ஒரு நடைமுறைதான் முதலில். கட்டாயம் எதுவும் இல்லை. அடுத்த வருடமே ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியா 1.14 லட்சம் டவேராக்களைத் திரும்ப அழைத்தது. அரசு ஆய்வுக்குக் காட்டிய வண்டிகளில் மட்டும் புகைச் சோதனையில் தேறுகிற என்ஜினை மாட்டியிருந்தது அப்போது அம்பலமானது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 110ஏ பிரிவுதான் கட்டாய ரீகாலுக்கு வழி செய்தது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். குறிப்பிட்ட அளவு புகார்கள் சேர்ந்தால் அரசே உத்தரவு போடலாம், கம்பெனிக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 1 கோடி என்பது ஒரு பெரிய கார் கம்பெனிக்குப் பூச்சிக்கடி. ஏழு ஆண்டு வரம்பும் எனக்கு ஒப்பவில்லை. தகாட்டா மருந்து பழையதாகப் பழையதாகத்தான் ஆபத்தானது.

ஆனாலும் புகார் பதியுங்கள். மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாகன் தளத்தில் அதற்கு ஏற்பாடு இருக்கிறது. அங்கே ஏறாத புகார், எண்ணிக்கையில் சேராது.

ஸ்கூட்டருக்கும் இது உண்டா?

உண்டு. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். நாட்டின் பல இடங்களில் அப்படித் தீப்பிடித்ததை அடுத்து, ஏப்ரலில் ஓகினாவா 3,215 ஸ்கூட்டர்களையும் ஓலா 1,441 ஸ்கூட்டர்களையும் திரும்ப அழைத்தன.

வண்டி தானாக வேகமெடுத்தால் என்ன செய்வது?

பிரேக்கை முழு பலத்தோடு ஒரே அழுத்தாக அழுத்துங்கள், விட்டு விட்டு அழுத்தாதீர்கள். கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். என்ஜின் அலறட்டும், கவலைப்படாதீர்கள். நின்ற பிறகு அணையுங்கள்.

2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே ஒரு லெக்சஸ் இப்படி ஓடி ஒரே குடும்பத்தில் நான்கு பேர் இறந்தார்கள். டீலர் இரவலாகக் கொடுத்த வண்டி. அதில் வேறு மாடலின் தரை விரிப்பைப் போட்டிருந்தார்கள், ஆக்சிலரேட்டர் அதில் மாட்டிக்கொண்டது. தொடர்ந்து டொயோட்டா பல லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2010 பிப்ரவரியில் தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் வந்து, கம்பெனி அளவுக்கு மீறி வேகமாக வளர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார். எலக்ட்ரானிக்ஸில் கோளாறா என்று நாசா பொறியாளர்களையே வைத்துப் பார்த்தார்கள். அப்படி எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் வாடிக்கையாளர்களுக்கு முழு உண்மையைச் சொல்லவில்லை என்பதற்காக 2014இல் 120 கோடி டாலர் கட்ட நேர்ந்தது.

நம் ஊரில் கம்பெனி விரிப்பின் மேல் ரப்பர் விரிப்பு, அதன் மேல் கயிற்று விரிப்பு என்று அடுக்குகிறோம். டிரைவர் பக்கம் ஒன்றே ஒன்று போதும், அதுவும் கொக்கியில் மாட்டியதாக இருக்கட்டும்.

கெட்ட பேர் எடுத்த கம்பெனி மீண்டு வர முடியுமா?

வரலாம், காசும் காலமும் ஆகும். தொண்ணூறுகளில் அமெரிக்காவில் ஹூண்டாய் என்றால் சிரிப்பார்கள். 1998இல் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 வருடம் அல்லது 1 லட்சம் மைல் வாரண்டி என்று அறிவித்தது; நம் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ வந்த அதே வருடம். அந்த வாரண்டிதான் பேரைத் திருப்பியது. அதே ஹூண்டாயிலேயே பிற்பாடு, என்ஜின் கோளாறுகளை ஒழுங்காகத் திரும்ப அழைக்கவில்லை என்று கிம் குவாங்-ஹோ என்ற பொறியாளர் அமெரிக்க அரசிடம் ஆவணங்களோடு போனார். வேலை போனது. 2021இல் அமெரிக்க அரசு அவருக்கு 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கொடுத்தது. அப்படி ஓர் ஏற்பாடு நம் சட்டத்திலும் வர வேண்டும் என்பது என் ஆசை.

ரீகால் என்று உறுதியாகிவிட்டது, ஆனால் பார்ட்ஸ் வரவில்லை என்கிறார்கள். அதுவரை ஓட்டலாமா?

எந்தப் பாகம் என்பதைப் பொறுத்தது. ஜன்னல் மோட்டார் என்றால் ஓட்டுங்கள். பிரேக், ஸ்டீயரிங், பெட்ரோல் கசிவு, ஏர்பேக் என்றால், "இந்த வண்டியை இப்போது ஓட்டலாமா கூடாதா?" என்று சர்வீஸ் மேனேஜருக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும். எழுத்தில் கேட்டால் அவர் மேலே கேட்டுத்தான் பதில் எழுதுவார். பல சமயம் பார்ட்ஸும் அந்த வாரமே வந்துவிடும்.